ஒன்பதாம் குழாயின் மூச்சு

செத்த குழாய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். ஒன்பதாம் குழாயில் ஆக்சிஜன் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருந்தது. வெளியே பகல் இரண்டு மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தாலும் ஆய்வுக்கூடத்தின் இந்தக் குளிர் அறையில் ஒற்றைச் சிவப்பு விளக்கு மட்டும்தான். வெளிச்சம் பட்டால் சேற்றுப் பாசி விழித்துக்கொண்டு, ஆக்சிஜனை விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். தொடைப் பருமனில், உள்ளே தெரிகிற ஒன்பது பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பாதி வளைகுடாச் சேறு, அதன்மேல் கடல் நீர், அந்த நீரைக் கலக்கிவிட டிக் டிக்கென்று சுழலும் ஒரு சின்னக் காந்தம். உரத் தொழிற்சாலைக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் கடலில் கொட்டுகிற நைட்ரஜனைச் சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு தின்று தீர்க்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. எட்டுக் குழாய்களில் உயிருள்ள சேறு. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்பதாவதில் மட்டும் பாதரச உப்பைக் கலந்து எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். அதற்குள் எதுவும் நடக்கக் கூடாது.

இப்போது நடந்துகொண்டிருந்தது. உயிருள்ள எட்டிலும் ஆக்சிஜன் அளவு ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது.

அவள் சென்சாரை மாற்றிப் பார்த்தாள். நான்கு. கம்பியைக் கழற்றி மாட்டினாள். மூன்று. கடைசியில் கைபேசியை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். கடலடியில் இறங்கி இந்தச் சேற்றை அள்ளி வருபவன் அவன்தான். கூடத்தில் எல்லோருக்கும் அவன் முக்குளி.

"ஒன்பதாம் நம்பர்ல மருந்து போட்டீங்களா இல்லையா?"

"போட்டாச்சு டாக்டரம்மா. ரெண்டு மடங்கா போட்டேன். புழு பூச்சி ஒண்ணு மிஞ்சாது."

"அப்புறம் ஏன் ஆக்சிஜன் இறங்குது?"

"உன் மெஷினுக்குப் பசி போல. இரு, வரேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைபேசியை வைத்தபோதுதான் அறையின் சத்தம் குறைந்திருப்பது உறைத்தது. முதல் குழாயின் காந்தம் நின்றுவிட்டது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. யாரோ வரிசையாக நடந்து வந்து ஒவ்வொன்றாக அணைப்பதுபோல் அந்த அமைதி ஒன்பதாவதை நோக்கி நகர்ந்தது. எட்டாம் குழாய்க்குள் குனிந்து பார்த்தாள். சேற்றுப் புழுக்கள் அத்தனையும் வெளியே வந்து, ஒன்பதிலிருந்து விலகிய பக்கச் சுவரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செத்துக் கிடந்தன. தப்பி ஓடப் பார்த்திருக்கின்றன. இறுக மூடிய குழாய்கள்தான். ஆனாலும் அழுகிய முட்டை நாற்றமும் மூத்திர நெடியும் மூக்கில் ஏறின.

கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று வர, முக்குளி உள்ளே நுழைந்தான்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

"அந்தப் புழுவையெல்லாம் பாருங்க. எனக்குப் பயமா இருக்கு. வெளிய போயிடலாம்."

"ஒரு மாசம் முங்கி எடுத்த சேறு. விட்டுட்டா போறது? சாகலைன்னா இன்னொரு தடவை கொன்னுட்டாப் போச்சு."

அவர்கள் தொழிலில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நேற்றாக இருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

"மூடியைத் திறக்காதீங்க."

"திறக்காம எப்படி? மருந்து அடிவரைக்கும் போகணும்ல?"

ஒன்பதாவதன் மூடியைத் திறந்து, கையுறை மாட்டி, நஞ்சு நிறைந்த ஊசிக்குழலைப் பிடித்து, முக்குளி கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டான். ஊசி சேற்றைத் தொட்டது.

சேறு எழும்பியது.

அவன் கத்தவில்லை. கத்துவதற்குள் தோள்வரை இழுபட்டு, முகம் குழாயின் விளிம்பில் மோதி, முன்பற்கள் உடைந்து தரையில் தெறித்தன. உள்ளே எலும்பு நொறுங்கும் சத்தம். மெல்லுகிற சத்தம். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். குழாய் அசையவில்லை. காலால் உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். பிளாஸ்டிக் வெடித்தது, தண்ணீர் இருவர்மேலும் கொட்டியது, சேறு மட்டும் கொட்டவில்லை. அவன் மணிக்கட்டைக் கவ்வியபடி நின்றது. கையுறை இல்லை. அதற்குள் இருந்த விரல்களும் இல்லை.

மணிக்கட்டிலிருந்து கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில். நரம்பு நரம்பாக.

"அறுத்துடு," என்றான். ரத்தம் நிறைந்த வாய். "சீக்கிரம்டி. அறு."

குழாய் அறுக்கும் ரம்பம் மேசையில் இருந்தது. எடுத்தாள். கறுப்பு முழங்கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேலே நான்கு விரல்கடை தள்ளி வைத்தாள். இந்த மனிதன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அழுத்தி இழுத்தாள். அவன் அலறினான். அவளும் அலறினாள். சதை. பிறகு எலும்பு. ரம்பத்தின் பற்கள் சிக்கின. பிடுங்கி மறுபடி வைத்தாள். முகத்தில் சூடாகத் தெறித்தது. இழுத்தாள். இழுத்தாள். கை தனியாக விழுந்தது.

சேறு அதன்மேல் கவிந்தது.

அவன் அக்குளைப் பற்றித் தரதரவென்று இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டினாள். அறைந்து சாத்தித் தாழ் போட்டாள். தாழ்வாரம் முழுக்க வெயில். வெட்டிய இடத்தில் கொப்பளித்த ரத்தம் நல்ல சிவப்பு. அதைப் பார்த்ததும் அவள் ஓவென்று அழுதாள். நேரத்துக்கு அறுத்துவிட்டாள். பிழைத்துவிட்டான். வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சுருட்டி, வெட்டில் வைத்து முழங்காலால் அழுத்தினாள்.

"யாராவது வாங்க! ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

மாடியில் ஓடிவரும் காலடிகள் கேட்டன.

"டாக்டரம்மா."

"பேசாதீங்க. தூங்கிடாதீங்க. என்னைப் பாத்துக்கிட்டே இருங்க."

"வலிக்கவே இல்லடி."

கோட்டில் ரத்தம் பரவுவது நின்றிருந்தது. அவள் மெல்ல அதைத் தூக்கிப் பார்த்தாள். எலும்பும் இல்லை, சதையும் இல்லை. விளிம்புவரை திணித்த கறுப்புச் சேறு. அதில் ஒரு குமிழி ஊதி உடைந்தது. இன்னொன்று ஊதியது.

அவள் எழப் பார்த்தாள். முக்குளியின் மிச்சக் கை மேலே வந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்து கிடந்தது. அவன் உடைந்த பற்களோடு சிரித்தான். கட்டைவிரல் அவள் உதடுகளைப் பிளந்து, பற்களைத் தாண்டி, நாக்கின்மேல் அழுந்தி, அங்கே கரையத் தொடங்கியது.