கோமு வைத்த மணல் பானை

சேரன்மகாதேவிக்கு ரயில் வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அங்கிருந்து தெற்கே நடந்தால் வயல்களெல்லாம் முடிந்து, பாறையும் உடைமரமுமாக இருக்கும் மேட்டில் பாறைப்பத்து என்று ஒரு சின்ன ஊர். காற்று அந்தப் பக்கம் அடித்தால் ரயில் கூவுவது அந்த ஊர் வரைக்கும் கேட்கும்.

பாறைப்பத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவர்களிடம் ஒரு கிணறு இருந்தது. கோமுவின் அப்பா நமச்சிவாயம் முன்னால் நின்று வெட்டிய பாறைக்கிணறு.

அதற்கு முன்பெல்லாம் குடிதண்ணீருக்குக் கன்னடியன் கால்வாய்க்குத்தான் போக வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்து நடந்து நடந்து பெண்களுக்குக் கால் வீங்கிவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் செம்மண் குழம்பாக வரும். ஒரு வருடம் அந்தத் தண்ணீரால் ஊரில் பேதி பரவியது. நமச்சிவாயத்தின் தங்கையும் அதில் போய்விட்டாள்.

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். ஊரைக் கூட்டினார். வெடி வைத்துப் பாறையைக் குடைந்தார்கள். "இந்தப் பாறையிலயா தண்ணி வரப்போகுது?" என்று சிரித்தவர்களும் கடைசியில் கடப்பாரையைக் கையில் எடுத்தார்கள். கோமு பிறந்த மாதத்தில் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்! அடியில் கிடந்த கல்கூடத் தெரிந்தது.

"எம்மவளும் பொறந்தா, கிணத்துல தண்ணியும் பொறந்துட்டு" என்று நமச்சிவாயம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதன் பிறகு ஊரில் பேதி வரவே இல்லை.

கோமுவுக்கு இப்போது பத்து வயது. ஊரின் ஓரத்தில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஓலைக் கொட்டகை, மணல் தரை, ஒரே ஒரு கரும்பலகை. அந்த வருடம் பாளையங்கோட்டையிலிருந்து சாலோமி என்று ஒரு புது டீச்சரம்மா வந்தார். வந்த முதல் நாளே பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்.

"எல்லாரும் வாயைத் திறங்க, பார்ப்போம்."

பிள்ளைகள் திறந்தார்கள். டீச்சரம்மாவின் முகம் சுருங்கியது. ஒருவன் பல்லில் மஞ்சள் திட்டு. இன்னொருத்தி பல்லில் பழுப்புக் கோடு. கோமுவின் முன்பற்களில் காவிப் பட்டையே போட்டிருந்தது.

"இவ்வளவு பிள்ளைகளில் ஒருத்தர்கூடவா பல் தேய்க்கிறதில்லை? ஆ! இதோ ஒரு பிள்ளை இருக்கிறாளே! பாருங்க, முத்து மாதிரிப் பல். உன் பேர் என்னம்மா?"

"பாத்து, டீச்சரம்மா."

"எல்லாரும் பாத்துவைப் பார்த்துக் கத்துக்கணும்."

கோமுவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அன்று காலையில்தான் உமிக்கரியைப் போட்டு ஈறில் ரத்தம் வரும் வரைக்கும் அவள் தேய்த்திருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பாத்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்துவின் வாப்பா ஒரு நெசவுக்காரர். போன வருடம்தான் மேலப்பாளையத்திலிருந்து இந்த ஊருக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார்.

"கோமு, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராத."

"என்ன?"

"நான் பாதி நாளு பல்லே தேய்க்கிறதில்ல. உம்மா கேட்டா வாயக் கொப்புளிச்சுட்டு 'தேய்ச்சாச்சு'ன்னுருவேன்."

கோமு அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோமு யோசிக்கத் தொடங்கினாள். தேய்க்காத பல் வெள்ளை. தேய்க்கிற பல் காவி. அப்படியானால் தேய்ப்பதில் என்ன இருக்கிறது?

வீட்டில் அண்ணன் ஐயம்பெருமாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் கோமுவுக்கும் பத்து வயது வித்தியாசம்.

"அண்ணே, ஈன்னு காட்டு."

"எதுக்குட்டி?"

"காட்டேன்!"

காட்டினான். சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே பற்கள் பளிச்சென்று இருந்தன.

ஒரே அம்மா. ஒரே அடுப்புச் சோறு. அண்ணன் பல் வெள்ளை, தங்கை பல் காவி! கோமு அடுப்படிக்குப் போனாள். அம்மா ஆவுடைத்தாய், தம்பி நாறும்பூவுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அப்போதுதான் பால்பற்கள் வந்திருந்தன. அரிசி மாதிரிப் பற்கள்.

"யம்மா, எனக்கும் பால்பல்லு இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சா?"

"மல்லிகை மொட்டாட்டம்லா இருந்துச்சு. விழுந்து முளைச்சதுதான் இப்படி ஆயிட்டு. நம்ம தெருவுல எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான ஆவுது? என்ன செய்ய?"

"அண்ணனுக்கு மட்டும் ஏன் ஆவல?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் தம்பிக்கு விக்கியது. ஒரு தம்ளரில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு அவன் வாயில் வைத்தாள்.

கோமு அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கிணறு இல்லை. பாத்து சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊரிலேயே இல்லை. அவள் குடித்தது ஆற்றுத் தண்ணீர்.

மறுநாள் முதல் கோமு ஊர்க்காரர்களின் வாயைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். பாத்துவும் கூடவே வந்தாள்.

"பெரியப்பா, கொஞ்சம் சிரிங்க."

"சிரிக்கதுக்கு இப்ப என்னளா ஆச்சு?"

"சும்மா சிரிங்களேன்!"

பெரியப்பா சிரித்தார். வெற்றிலைச் சாற்றில் பற்கள் செக்கச்செவேல் என்று இருந்தன.

"இதுல எப்படிக் கண்டுபிடிக்க?" என்று பாத்து பையக் கேட்டாள். கோமு ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவரைக் கொப்புளிக்கச் சொன்னாள். சிவப்புக்கு அடியில் இருந்தது வெள்ளைப் பல்தான். பால் கறந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மைனி சிரித்தாள், வெள்ளை. அவள் மகன் சிரித்தான், காவி. தெரு முழுக்க இதே கதைதான். கிணறு வருவதற்கு முன்னால் பல் முளைத்து முடித்தவர்களுக்கு வெள்ளை. கிணறு வந்த பிறகு பிறந்தவர்களுக்குக் கறை.

அடுத்த நாள் கோமு டீச்சரம்மா முன்னால் போய் நின்றாள். பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

சாலோமி டீச்சரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாத்துவும் இப்போ அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே குடிக்கிறாள்? அவள் பல்லில் ஏன் கறை இல்லை?"

"அவ இங்க வரும்போதே முன்பல்லு முளைச்சிட்டுல்லா, டீச்சரம்மா. முளைச்ச பல்லை அந்தத் தண்ணி ஒண்ணும் செய்யல. பல்லு ஈறுக்குள்ள இருக்கும்போதே கறை பிடிச்சிருது போல."

டீச்சரம்மா எழுந்தார். கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளைகளே, அன்றைக்கு உங்களை நான் திட்டினேன். உங்கள் பல்லில் இருக்கிறது அழுக்கு இல்லை. நான்தான் கேட்காமல் பேசிவிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

டீச்சர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சின்னப் பையன், "பரவால்ல டீச்சரம்மா" என்றான். கொட்டகையே சிரித்தது.

அந்தத் தண்ணீரில் கரைந்து கிடந்த பொருளுக்குப் புளோரைடு என்று பெயர். சில பாறைகளிலிருந்து ஊறும் தண்ணீரில் அது கூடுதலாக இருக்கும். அது பல்லில் கறை போடும் என்று உலகம் கண்டுபிடிக்க இன்னும் பல வருடங்கள் இருந்தன. கோமுவுக்குப் பெயர் தெரியாது. ஆனால் தம்பிக்கு இனிமேல் அந்தத் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்று தெரியும்.

கால்வாய்த் தண்ணீரைக் கொடுக்கலாம் என்றால், அது ஒரே சேறு. பேதிப் பயம் வேறு.

கோமு கால்வாய்க்குப் போய்க் கரையில் உட்கார்ந்தாள். மாடு மேய்க்கிற ஒரு பெண் அங்கே வந்தாள். கால்வாயில் தண்ணீரை மொள்ளாமல், ஓர மணலைக் கையால் தோண்டினாள். பள்ளத்தில் தண்ணீர் பைய ஊறியது. கலங்கல் தெளிந்ததும் அதை அள்ளிக் குடித்தாள்.

பக்கத்தில் ஓடுவது சேற்றுத் தண்ணீர். மணலுக்குள் நுழைந்து வருவது தெளிந்த தண்ணீர்!

கோமு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள். பழைய பானை ஒன்றின் அடியில் சின்னதாக ஓட்டை போட்டாள். ஓட்டையில் தேங்காய் நாரை அடைத்து, அதன்மேல் கூழாங்கல், அதன்மேல் மணல் போட்டாள். முக்காலியில் பானையை ஏற்றிக் கீழே ஒரு குடத்தை வைத்தாள். மேலே ஊற்றிய சேற்றுத் தண்ணீர் கீழே சேற்றுத் தண்ணீராகவே வந்தது.

"மணலைக் கழுவினியா?" என்று பாத்து கேட்டாள்.

"மணலையுமா கழுவணும்?"

கழுவினார்கள். இப்போது தண்ணீர் தெளிந்து சொட்டியது. ஆனால் பாசி வாடை அடித்தது. வாடையைக் கரி இழுத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா சொன்னார். தேங்காய்ச் சிரட்டைக்கரியை உடைத்துப் போட்டார்கள். அவசரத்தில் அதைக் கழுவ மறந்துவிட்டார்கள். குடத்தில் மை மாதிரித் தண்ணீர் இறங்கியது.

ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்தான். "நல்லாருக்கு. பரீட்சை எழுதலாம்."

கோமு அதற்கெல்லாம் அசரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள், கழுவினாள், மறுபடி அடுக்கினாள். நாலாம் தடவை விழுந்த தண்ணீரில் சேறும் இல்லை, வாடையும் இல்லை. அம்மா அதைத் தளதளவென்று கொதிக்க வைத்தாள். "பேதிக்குப் பயந்து ஒரு கொதிக்கு ரெண்டு கொதியா விட்டுட்டேன்" என்று சொல்லி ஆறவைத்து முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

அப்போதுதான் நமச்சிவாயம் வயலிலிருந்து வந்தார்.

"வாசல்லயே கிணறு இருக்கு. கால்வாயிலேருந்து எதுக்குளா தண்ணி தூக்குத?"

அப்பா பாறையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் அது. அதைக் குறை சொல்லக் கோமுவுக்கு நாக்கு எழவில்லை. தம்பியைப் பார்த்தாள். பையச் சொல்லி முடித்தாள்.

அப்பா திரும்பி வாசல் கிணற்றைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றார்!

"டீச்சரம்மா, பிள்ளையளக் கொஞ்சம் வாயத் தொறக்கச் சொல்லுங்க."

அந்தப் பெரிய உருவம் ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் குனிந்து குனிந்து பார்த்தது. கடைசியாகக் கோமுவிடம் வந்தார். அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்லது செய்யுதோம்னு நெனச்சுல்லா வெட்டினேன், தாயி."

"நல்லதுதான யப்பா செஞ்சிய? நீங்க வெட்டினதுக்கப்புறம் ஊர்ல யாருக்காச்சும் பேதி வந்துச்சா? அந்தக் கிணறு எங்க எல்லாரையும் உசிரோட வச்சிருக்கு. பல்லுல கறைதான போட்டுச்சு!"

நமச்சிவாயம் வெளியே திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கிணத்துத் தண்ணியவே அந்தப் பானையில ஊத்தினா என்ன?"

"அதையும் யோசிச்சேன், யப்பா. மணலு சேத்தைப் பிடிக்கும். கிணத்துத் தண்ணியில இருக்கது கண்ணுக்கே தெரியல. அது பானையில நின்னுச்சா, கீழ வந்துட்டான்னு எப்படித் தெரியும்?"

அவர் மகளின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் தெருவே வாசலில் வந்து பார்த்தது. நமச்சிவாயம் தோளில் ஒரு காவடிக் கம்பு. இரண்டு பக்கமும் கால்வாய்த் தண்ணீர்க் குடங்கள். அவருக்குப் பின்னால் ஐயம்பெருமாள். அவன் தோளிலும் அதேதான். "பெண்டுகள் இனி நடக்க வேண்டாம். குடிதண்ணி கொண்டு வாரது ஆம்பிளைய பாடு" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

கைக்குழந்தை இருந்த வீடுகளிலெல்லாம் முக்காலியும் பானையும் ஏறின. பானையில் இறங்கிய தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். மணலைக் கழுவவில்லை என்றால் பாத்து விடமாட்டாள். வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அந்த வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் ஆனது.

கோமுவின் பல் மாறவில்லை. மாறாது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவள் காத்திருந்தது தம்பிக்காக. வருடங்கள் போயின. நாறும்பூவின் முன்பல் ஆடியது, விழுந்தது. ஒரு மாதம் ஓட்டை வாயோடு திரிந்தான். தினமும் கோமு அவனைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்தி ஈறைப் பார்ப்பாள். ஒருநாள் ஈறைக் கீறிக்கொண்டு ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. சுத்தமான வெள்ளை.

"யம்மா! யப்பா! ஓடிவாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாத்து தறிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். பயந்துபோன நாறும்பூ அழவே தொடங்கிவிட்டான். அழுகிற வாயைத்தான் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த வாரம் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"நமச்சிவாயம் அண்ணாச்சி, இதுதான் நீரு பாறையில வெட்டின கிணறா? என்ன தண்ணி வே, கண்ணாடியாட்டம்! ஒரு செம்பு மொண்டு குடிக்கட்டுமா?"

நமச்சிவாயம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமா, நான் வெட்டினதுதான். நல்லா முங்கிக் குளியும். குடிக்கதுக்கு உள்ள வாரும், எம்மவ பானையிலேருந்து தாரேன்."