தலைகீழ் தேதி

"ஒரு கடிதத்தைக் கையில எடுத்ததும் முதல்ல எதைம்மா பார்ப்பே?"

தபால்தலைச் சங்கத்தில் சேர்ந்த அன்று செயலாளர் அவளிடம் கேட்ட கேள்வி. "முகவரியை," என்றாள். அவர் சிரித்தார். "முப்பது வருஷம் தபாலாபீஸ்ல முத்திரை குத்தினவன் நான். ஸ்டாம்பு எந்த மூலைன்னுதான் என் கை தேடும்."

கண்காட்சி நாள். காலை 9.10. கொடிப் படம் போட்ட தபால் உறைகள் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தில் நடு இடம் காலி. பழைய கப்பல் கொடி அச்சிட்ட சிறப்பு உறை அது, அவள் சித்தப்பாவின் உயிர். பத்து மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். சாவியைப் பூட்டிலேயே விட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள் அவள்தான்.

"உன்னை நம்பித்தானே கொடுத்தேன்!" சித்தப்பா நாற்காலியில் சரிந்தார்.

கூடத்தில் இன்னும் இரண்டே பேர்.

"யாராவது வந்தாங்களாண்ணே?"

ஏணி மேலிருந்த எலெக்ட்ரீஷியன் குனியவில்லை. "வரவுமில்லை, போகவுமில்லை. வேணும்னா என் பையைத் தடவிக்கோ. ஸ்க்ரூதான் குத்தும்."

"நீங்க, ஐயா?"

"அந்தப் பக்கமே நான் போகலைம்மா," என்றார் செயலாளர்.

9.40. சட்டத்தை ஒட்டி, மலிவு விலை உறைகள் போட்ட அட்டைப்பெட்டி. காலையில் அவள்தான் அதில் உறைகளைக் கன்னாபின்னாவென்று கொட்டியிருந்தாள். இப்போது எல்லா ஸ்டாம்பும் வலது மூலையில், ஒரே திசை பார்த்து நின்றன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை ஓட்டினாள். நடுவில் கப்பல் கொடி!

"சித்தப்பா, இது திருட்டில்லை. ஒளிச்சு வச்சிருக்காங்க. வச்ச கை சும்மா இருக்காம, பெட்டி முழுக்க ஸ்டாம்பை ஒரு பக்கமா அடுக்கிடுச்சு. இதுல தேதி தலைகீழா இருக்கே, இந்த முத்திரையைக் குத்தினதும் அதே கைதானே, ஐயா?"

செயலாளரின் காது சிவந்தது. "அன்னைக்குத் தேதி அச்சைத் தலைகீழா மாட்டித் தொலைச்சேன். காலையில சட்டத்துல பார்த்ததும் பகீர்னுச்சு. ஊரே சிரிக்குமே! கிழிக்கவும் மனசு வரலை."

சித்தப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யோவ், நீர் ஒழுங்கா குத்தியிருந்தா இதை எவன் சீந்துவான்? இந்தத் தப்புக்காகத்தான் பதினோரு வருஷம் நாயா அலைஞ்சேன்!"

விளக்க அட்டையில் 'முத்திரை குத்தியவர்' என்று எழுதிப் பேனாவை நீட்டினார். செயலாளர் நிதானமாகக் கையெழுத்திட்டார். சித்தப்பா உறையை மாட்டிச் சட்டத்தைப் பூட்டி, சாவியை மறுபடி அவள் உள்ளங்கையில் வைத்தார். செயலாளர் வாசல் மேஜையில் கோணலாகக் கிடந்த அழைப்பிதழ் ஒன்றை நேராக்கிவிட்டு வெளியே போனார்.