தொட்டிலில் முதலில் போட்ட கல்

மழையில் கிடந்த கல் சூடாக இருந்தது. கலாதேவிக்கு அது மட்டும்தான் உறைத்தது. வேறு எதையும் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. முழங்கை சிராய்த்திருந்தது. ஒரு கால் செருப்பைக் காணோம். மோட்டார் சைக்கிள் சாலையோரப் புல்லில் சாய்ந்து கிடக்க, அதன் முன்சக்கரம் மட்டும் கோணலாக ஆடியபடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் வேலை முடிந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்புகிறவள் அவள். பெரிய ரோட்டில் லாரி கவிழ்ந்து ஒரே நெரிசல் என்று கேள்விப்பட்டு, பழைய தோட்டத்துக் குறுக்கு வழியில் வண்டியை விட்டிருந்தாள். ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டு வெகுகாலமாயிற்று. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை இடித்ததும் அந்த ரோட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாருமில்லை. பொழுது சாய்கிற நேரம், தூறல், ஈர மண்ணும் அழுகிய செம்பனைப் பழமும் கலந்த வாடை. வளைவில் திரும்பும்போது நடுரோட்டில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கிவிட்டது.

"எந்தப் பரதேசிடா ரோட்டுல இதப் போட்டது?" என்று அவள் கத்தினாள். மரங்களுக்குள் பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மஞ்சள் துணியைப் பிரித்தால் உள்ளே அம்மிக் குழவி. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பழங்காலத்துக் கருங்கல். யாரோ அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, உருண்ட முனையில் மையால் திருஷ்டிப் பொட்டும் வைத்திருந்தார்கள். பொட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் மோதிச் சில்லு தெறித்த பள்ளம் ஒன்று. அங்கே எண்ணெய் கசிந்திருந்தது.

கலாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் தேடிக்கொண்டிருந்ததே ஒரு குழவியைத்தான்.

மறுநாள் காலை அவள் தம்பி தேவனின் மகனுக்குத் தொட்டில் போடுகிறார்கள். குழந்தைக்கு முன்னால் குழவிக்கல்லைத்தான் தொட்டிலில் கிடத்துவது வழக்கம். துணி சுற்றி, பொட்டு வைத்து, பேர் சொல்லி, தாலாட்டுப் பாடி ஆட்டுவார்கள். வருகிற கெடுதல் எல்லாம் கல்லோடு போகட்டும் என்று ஓர் எண்ணம். பிறகு கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போடுவார்கள். கல்லைக் கொண்டுவந்து தொட்டிலை ஆட்டுவது அத்தையின் உரிமை. ஆனால் எல்லார் வீட்டிலும் இப்போது மிக்சிதான். ஈப்போக் கடைகளில் கிடைத்ததோ வெற்றிலை இடிக்கக்கூடக் காணாத பொம்மைக் கல்.

அத்தை என்றால் கலாதேவிதான். ஆனால் அவள் தாலி அறுத்தவள். தேவனின் மாமியார் கருப்பம்மாள் மூச்சுக்கு மூச்சு அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க அக்கா ஆட்டாத தொட்டிலு எம்மவனுக்கு வேணாம்" என்று தேவன் ஒரே பேச்சில் முடித்திருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தம்பிக்கு உயிரையே கொடுப்பாள். இப்போது போய், வழியில் விழுந்தேன், மோட்டார் உடைந்தது, கல்லும் கிடைக்கவில்லை என்று நின்றால் கருப்பம்மாளுக்கு அதுவே போதும். சகுனத்தடை என்று சொல்லி அவளை வாசலோடு நிறுத்திவிடுவாள்.

அம்மியை விட்டுப் பிரிந்த குழவியை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்றும் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு என்ன? புருஷன் இல்லாதவள் மோட்டார் ஓட்டக் கூடாது என்றுகூடத்தான் சொன்னார்கள். அவள் ஓட்டினாள். பூ வைத்துக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு ஓட்டினாள்.

மோட்டாரைத் தூக்கி நிறுத்தினாள். ரிம் வளைந்திருந்தது, எஞ்சின் அடியில் விரிசல் விட்டு எண்ணெய் சொட்டியது, கால்மிதி உள்ளே மடங்கிப் பின்சக்கரத்தை உருளவிடாமல் பிடித்திருந்தது. கையில் வேறு சாமான் இல்லை. குழவியை எடுத்து அதன் முனையால் கால்மிதியை ஓங்கி நாலு தட்டுத் தட்டினாள். இரும்பு நிமிர்ந்தது. கல்லின் பள்ளம் இன்னும் ஆழமாயிற்று. ஒவ்வொரு தட்டுக்கும் கல் கையில் விதிர்த்ததை அடியின் அதிர்ச்சி என்றே நினைத்துக்கொண்டாள்.

பிறகு கல்லை மோட்டாரின் முன்கூடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

ரோட்டு முனையில் சீனியின் மோட்டார் கடை. அவன் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.

"என்னாக்கா, எதுல கொண்டு போயி ஏத்துனீங்க?"

"ரோட்டுல கெடந்த கல்லுல. யாருகிட்டயும் மூச்சு விடாதலா. நாளைக்கு எங்க வீட்டுல விசேஷம்."

"விட்டுட்டுப் போங்க. காலைல பிரிச்சுப் பாக்குறேன். மத்தியானத்துக்கு மேல வாங்க."

அவனே தன் வேனில் அவளை வீட்டு முனைவரை கொண்டுபோய் விட்டான். வழி நெடுக மடியில் அந்தக் கல் கதகதவென்று இருந்தது. மோட்டாரின் எஞ்சின் சூடு ஏறியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது அந்த எஞ்சின் அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

மறுநாள் தேவன் வீட்டில் கூட்டமோ கூட்டம். கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, சாம்பிராணிப் புகை காட்டி, தன் பழைய பட்டுச்சேலைத் துண்டில் சுற்றிக் கலாதேவி தூக்கி வந்தாள். முழுக்கைச் சட்டை சிராய்ப்பை மறைத்தது. கருப்பம்மாள் கல்லை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா கலா, இதுக்கு சோடி அம்மி எங்க?"

"கூட்டாளி வீட்டுல இருக்கு" என்று கண்ணிமைக்காமல் பொய் சொன்னாள் கலாதேவி.

உத்தரத்தில் மாட்டிய சுருள்கம்பியில் சேலைத் தொட்டில் தொங்கியது. அவள் கல்லைக் கிடத்தினாள். கம்பி இழுபட்டு முனகியது. தீபன் என்று வைக்கவிருந்த பேரை வழக்கப்படி முதலில் கல்லின் காதில், அதாவது காது இருக்க வேண்டிய இடத்தில், குனிந்து சொன்னாள். பெண்கள் தாலாட்டுப் பாடினார்கள். தொட்டில் ஏறி இறங்கியது. காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை, தன் தாய் துளசியின் தோளில் கிடந்தபடி அழுகையை நிறுத்தித் தொட்டிலையே பார்த்தது.

கல்லை எடுத்தார்கள். பிள்ளையைக் கிடத்தினார்கள். பிள்ளை அழவில்லை. அதற்குப் பிறகு அழவே இல்லை.

"அண்ணி கை ராசியப் பாத்தீங்களா!" என்று துளசி பூரித்துப் போனாள். அன்றைக்குக் கலாதேவி சாப்பிட்ட சாப்பாட்டுக்கு வெற்றியின் ருசி இருந்தது. இலையிலிருந்து எழுந்து கை கழுவப் போனபோது, சமையலறை மூலையில் ஒதுக்கி வைத்த கல்லின் பக்கமிருந்து மெல்லிய பால்வாடை வந்தது. பாயசம் சிந்தியிருக்கும் என்று நினைத்தாள்.

வெயில் இறங்கியதும் சீனி கடைக்கு நடந்தாள். மோட்டாருக்கு வேறு ரிம் போட்டு, எஞ்சின் விரிசலைப் பசை போட்டு அடைத்திருந்தான்.

"இந்தப் பசை ரொம்ப நாளு தாங்காதுக்கா, மெதுவாப் போங்க" என்றவன், ஒரு மூடியில் கிடந்த எதையோ நீட்டினான். "இது சக்கர அச்சுல சுத்திக் கெடந்துச்சு. உங்க தம்பி மவனோடதா?"

குழந்தையின் அரைஞாண் கயிறு. எண்ணெயில் ஊறிய கறுப்புக் கயிறும் அதில் ஒரு சின்ன வெள்ளித் தாயத்தும்.

"இல்ல. ரோட்டுல இருந்தது ஒட்டியிருக்கும்."

சீனி ஸ்பேனரைத் துடைத்து வைத்தான். "எந்த எடம்க்கா விழுந்தீங்க? தோட்டத்து வளைவா?"

"ஆமா. ஏன்?"

"முன்ன நம்ம கடைக்கு வர்ற ராமசாமி அண்ணேயும் அங்கதான் விழுந்தாரு. இதே மாரி ரிம் போச்சு. அவரும் கல்லுன்னுதான் சொன்னாரு. பேத்திக்கு தொட்டிலு போடக் கல்லு கெடைச்சிருச்சுன்னு சிரிச்சிட்டுப் போனாரு."

கலாதேவி கயிற்றை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"பேத்தி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. இப்ப கோப்பெங் பக்கம் போயிட்டாங்க. நான் ஒருக்கா பாத்தேன். அழுவாதுக்கா. ஒரு சத்தமும் கெடையாது. தொட்டா சில்லுனு இருக்கும், மீனு மாரி." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்தத் தாயத்து அந்தப் புள்ள இடுப்புல கட்டியிருந்த மாரியே இருக்கு."

"அந்தக் கல்ல என்னா செஞ்சாங்க?"

"சோடி இல்லாத கல்ல வீட்டுல வச்சுக்க முடியுமா? துணியில சுத்தி, எடுத்த எடத்துலயே போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டாரு. அதான வழக்கம்."

சக்கரம் ஏறி இறங்கிய அந்தக் குலுக்கல் கலாதேவியின் இடுப்பெலும்பில் மறுபடி வந்தது. கால்மிதியைத் தட்டிய தட்டுகள். கல் விதிர்த்தது. கல்லா விதிர்க்கும்? துணியில் சுற்றி ரோட்டில் போட்டது அந்தப் பேத்தியைத்தானா?

பேய்க்கதை, என்றாள் மனதுக்குள். ஆண்பிள்ளைகள் குடித்துவிட்டு விழுந்து எழுந்து சொல்கிற கதை. சொல்லிக்கொண்டேதான் மோட்டாரை உதைத்தாள். மெதுவாகப் போகவில்லை.

வீட்டு வாசலில் தேவன் காரைத் திறந்துகொண்டிருந்தான். கையில், பட்டை நீக்கி மஞ்சள் துணியில் சுற்றிய கல் மூட்டை. பின்னால் கருப்பம்மாள்.

"அக்கா, உன் கூட்டாளி வீட்டுக்கு எப்படிப் போவணும்? அத்தை சொல்றாங்க, பொழுது சாயறதுக்குள்ள கல்லத் திருப்பிக் குடுக்கணுமாம். இல்லாட்டி எங்கயாச்சும் ரோட்டோரமா..."

"குடு" என்றாள்.

"அக்கா?"

"குடுடா!"

பிடுங்கினாள். சூடு. துணிக்குள்ளிருந்து மெலிதாக, சீராக, ஏதோ துடித்தது. அவள் நெஞ்சா, கல்லா, தெரியவில்லை. கல்லை மார்போடு அணைத்ததும் துடிப்பு இரண்டாகப் பிரிந்து கேட்டது. ஒன்று அவளுடையது. இன்னொன்று வேகமானது. சின்னது.

"அபசகுனம் புடிச்சவள வீட்டுக்குள்ள விட்டா இப்படித்தான்" என்றாள் கருப்பம்மாள்.

"ஆமா. அபசகுனந்தான். தள்ளுங்க" என்று அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தில் விளக்குப் போடவில்லை. துளசி பாயில் அசந்து தூங்கினாள். மூடிய சன்னல்கள், வாடிய பூவின் வாடை, அதற்கும் அடியில் இன்னொரு வாடை. எஞ்சின் எண்ணெய். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுக்க யாருமில்லை. காலையில் கல்லைப் போட்டபோது முனகிய அதே முனகல். அதே பாரம்.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. எங்கள் பிள்ளை. என் தம்பி பிள்ளை. நான் கொண்டுவந்த கல், நான் செய்த சடங்கு. நானே திருப்பிச் செய்கிறேன். இந்தக் கல்லை உள்ளே வைத்து, தொட்டிலில் கிடப்பதை வெளியே எடுத்து, பேரை மறுபடி காதில் சொல்கிறேன். யார் தடுப்பது?

சேலையை விலக்கினாள்.

பிள்ளை விழித்திருந்தது. தீபனின் மூக்கு. தீபனின் வாய். நெற்றியில், பொட்டுக்குப் பக்கத்தில், காலையில் இல்லாத ஒரு பள்ளம். மோட்டார் மோதிய அகலம். கால்மிதியில் தட்டித் தட்டி ஆழமான ஆழம். அதன் விளிம்பில் கறுப்பாக எண்ணெய் கசிந்து, புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அது அவளை அடையாளம் கண்டுகொண்டது. சிரித்தது.

அவள் அதன் முதுகுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. மறுபடி. தோள்மூட்டு கிறீச்சிட்டது. அசையவில்லை. ஒரு சின்னக் கை மேலே வந்து அவள் ஆள்காட்டி விரலைப் பற்றியது. சில்லென்று. இறுக்கமாக. இன்னும் இறுக்கமாக. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இறுக்கு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எவ்வளவு வேணும்னாலும் இறுக்கு. இவன ரோட்டுல போட நான் விடமாட்டேன்."

தொட்டில் ஆடியது. அது சிரித்துக்கொண்டே இருந்தது. அவளது மற்றக் கையில், மஞ்சள் துணிக்குள், கல் பசியில் அழ ஆரம்பித்தது.