மூன்று புள்ளித் தழும்பு

"அரே, தண்ணி வந்து ஓடுது... மகாராணிக்கு இன்னும் எந்திரிக்க மனசு வரல!"

ஷாதிபூர் மேட்டு வீட்டில் கோடை வந்தால் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். அதுவும் ஒரு மணி நேரம். மாமியார் சொர்ணம்மா வாசலில் நின்று கத்தினாள்.

வலக்கையைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டபடி ஜெயலட்சுமி வெளியே வந்தாள். சென்னையில் தோள்பட்டையில் சிறு துளைகள் போட்டுச் செய்த ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். கப்பலில் தீவுக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் இதே பேச்சு!

"அத்தை, ஆறு வாரம் கையைத் தானா தூக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"நானும் பார்த்தேனே, மூணு புள்ளி! கொசு கடிச்சாக்கூட இதைவிடப் பெருசா வீங்கும். வயித்தைக் கிழிச்சு உன் புருஷனைப் பெத்தவ நான். பத்தாம் நாளே குடம் தூக்கினேன்டி!"

"வெளியதான் புள்ளி அத்தை. உள்ள அறுந்த தசைநாரை எலும்போட சேர்த்துத் தைச்சிருக்கு. ஒட்டுறதுக்குள்ள தூக்கினா தையல் பிரிஞ்சிரும். அப்புறம் இந்தக் கை தலை சீவக்கூட எழும்பாது!"

"பந்து பிசைய மட்டும் எழும்புதாக்கும்?"

"அது விரல் விறைச்சுப் போகாம இருக்க ஆஸ்பத்திரியிலயே குடுத்த ரப்பர் பந்து..."

கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்த கணவன் இராமகிருஷ்ணன் திரும்பாமலே சொன்னான். "காலங்காத்தால ஏன் சண்டை? ஒரே ஒரு பக்கெட்தானே லட்சுமி..."

ஒரே ஒரு பக்கெட்! இருபத்திரண்டு வருஷமாக இந்த மேட்டில் ஏற்றிய பக்கெட்டுகளில்தானே தோள் நைந்தது!

"போன வருஷமே கிழிஞ்சிருச்சுங்க. உங்கம்மா கண் ஆபரேஷன் முதல்ல ஆகட்டும்னு நான்தானே தள்ளிப் போட்டேன்? அந்தக் கண்ணாலதான் இன்னைக்கு என் தோள்ல புள்ளி எண்ணுறாங்க!"

அவன் சீப்பை வைத்தான்.

ஜெயலட்சுமி பாயில் மல்லாந்து படுத்து இடக்கையால் பட்டையை அவிழ்த்தாள்.

"தோள் விறைக்காம இருக்க இந்தக் கையைத் தினமும் வேற ஆள் தூக்கி விடணும். ரெண்டு நாள் செஞ்சாரு உங்க பிள்ளை, அப்புறம் டூட்டி வந்துருச்சு. நடிக்கிறேனா இல்லையான்னு நீங்களே தூக்கிப் பாருங்க அத்தை! தோள் மட்டத்துக்கு மேல வேண்டாம்."

வீம்பாகத்தான் உட்கார்ந்தாள் கிழவி. முழங்கைக்குக் கீழே கை கொடுத்து மெல்ல உயர்த்தினாள். மருமகளின் கடைவாயில் பல் நறநறத்தது. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"என்னடி இது... இப்படிக் கனக்குது! உசுரே இல்லாத மாதிரி..."

"நான் உசுரைக் குடுத்துத் தூக்கினா அறுந்துரும் அத்தை."

சொர்ணம்மா அந்தக் கையை மெல்லப் பாயில் இறக்கினாள். "அடிப்பாவி, இதை வெச்சுக்கிட்டா நேத்து எனக்குத் தோசை சுட்டே?"

"இடக்கையால..."

"டேய்! பேண்ட்டை மடிச்சுக்கிட்டுக் குழாய்க்குப் போ!"

"அம்மா, டூட்டிக்கு நேரம்..."

"ரெண்டு கை இருக்குல்ல உனக்கு? போடா!"

வெளியே பக்கெட் தடுமாறும் ஓசை கேட்டது. சொர்ணம்மா மறுபடியும் மருமகளின் முழங்கைக்குக் கீழே கை கொடுத்தாள்.

"எத்தனை தடவைம்மா தூக்கணும்?"

"பத்து..."

முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, கிழவியே எண்ணத் தொடங்கினாள்.