வடக்கு எல்லைக் கல்லும் மாசிலாமணி பாறையும்

“இன்னைக்கு யாரும் எனக்கு முன்னாடி நடக்கக் கூடாது!”

கரட்டு மலை அடிவாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கியதுமே பேராசிரியர் மாசிலாமணி இப்படி முழங்கினார். அவர் ஐம்பொழில்புரம் எல்லை மீட்புப் பேரவையின் தலைவர். பேரவையில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவர், ஓய்வுபெற்ற சர்வேயர் எஸ்தரும் ஒரு காலத்தில் கோயில் யானைக்குப் பாகனாக இருந்த இருளாண்டியும், தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டே முழக்கத்தைக் கேட்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஐம்பொழில்புரத்து வணிகர்கள் தாங்களே சபை கூட்டி, தாங்களே வரி விதித்து, தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள். ஊர் எல்லையை வகுக்க ஒரு பெண்யானையை நடக்கவிட்டார்கள். அது போன வழியெல்லாம் கள்ளி நட்டு, நான்கு மூலைகளிலும் தராசு செதுக்கிய கல்லை நிறுத்தினார்கள். செப்பேடு சொல்லும் கதை இது. மூன்று கற்கள் கிடைத்துவிட்டன. மூன்றையும் கண்டுபிடித்தவர் எஸ்தர்.

வியாதி அங்கேதான் தொடங்கியது. செய்தித்தாளில் வந்த படத்தில் எஸ்தர் கல்லின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். பேரவைத் தலைவரின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. மாசிலாமணி அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் எடுத்துப் பார்த்து வயிறெரிந்தார். வடக்குக் கல் கிடைத்தால் வரைபடம் முடிந்துவிடும். கண்டுபிடித்தவர் பெயர் அதில் ஏறும். அந்தப் பெயர் எஸ்தர் என்று மட்டும் இருக்கக் கூடாது!

தன் வரைபடத்தை விரித்தார். மேற்குக் கல்லிலிருந்து மலை உச்சிக்கு நேராக ஒரு கோடு. வடக்குக் கல் உச்சியில்தான் என்பது அவர் கணக்கு.

“வாத்தியாரய்யா, யானைய ஸ்கேல் வச்சா நடத்துனாங்க?” என்றார் இருளாண்டி. “இம்புட்டுச் செங்குத்துல அது ஏறாது. தண்ணி வாடை பிடிச்சுக்கிட்டு சுத்தித்தான் போகும்.”

“யானை மேய்ச்சவர்கிட்ட நான் வரலாறு கேக்கல!”

“சார், நாங்க ஓடைப் பக்கம் பாக்குறோம். நீங்க தனியா ஏறாதீங்க. பாறை எல்லாம் பொடிஞ்சு கிடக்கு” என்றார் எஸ்தர்.

“ஏன் மேடம், நான் முந்திருவேன்னு பயமா?”

ஏறினார்! முள் கிழித்தது. ஏறினார்! கைத்தடி நழுவிக் கீழே உருண்டது. ஒரு கல்லை எட்டிப் பிடிக்க, அது கையோடு பெயர்ந்து வந்தது. சரிந்தவர் ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தார். மேலே ஏற வழியில்லை. கீழே முப்பது அடிப் பள்ளம். ஆனால் எதிரே பார்த்ததும் வாய் பிளந்தது.

சமவெளி முழுக்க ஒரு பச்சைக் கோடு! யாரோ நட்ட கள்ளி, காய்ந்தும் துளிர்த்தும் தலைமுறை தலைமுறையாக அதே வரிசையில் நின்றது. அது மலையைத் தொடவே இல்லை. வளைந்து வளைந்து ஊற்றுக்குப் போய், வயிறு நிறையத் தண்ணீர் குடித்த யானையைப் போல நிதானமாகத் திரும்பியது. அந்தத் திருப்பத்தில், புதருக்குள், சாய்ந்து நின்றது ஒரு கல்!

கல்லுக்குப் பத்தடி தள்ளி எஸ்தர் போய்க்கொண்டிருந்தார். கல்லைக் கவனிக்கவில்லை. கடந்தே போய்விட்டார்.

மாசிலாமணியின் மனம் துள்ளியது. ‘போகட்டும். நன்றாகப் போகட்டும். பிறகு கூப்பிட்டு இறங்கிக்கொள்ளலாம். நாளைக்குத் தனியாக வந்து நானே கண்டுபிடிக்கிறேன்!’ மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்.

அப்போது எஸ்தரின் குரல் மேலே வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரகரத்திருந்தது.

“சார்! மாசிலாமணி சார்! எங்க இருக்கீங்க?” அவர் கையில் மாசிலாமணியின் கைத்தடி.

அந்தம்மா கல்லைத் தேடவே இல்லை.

மாசிலாமணியின் கை சட்டைப்பையிலிருந்த படத்தைத் தொட்டது. பிறகு கத்தினார்: “மேடம்! உங்களுக்குப் பின்னாடி! புதருக்குள்ள கல்லு!”

“கல்லு கிடக்கட்டும் சார்! அசையாம இருங்க!”

இருளாண்டி மறுபக்கமாகச் சுற்றி ஏறி, எஸ்தரின் நில அளவைச் சங்கிலியை ஒரு மரத்தில் கட்டி இறக்கினார். கால்சட்டை பாதி கிழிய, பேரவைத் தலைவர் தரையைத் தொட்டார்.

“யானைக்கு இம்புட்டுக் கஷ்டம் இல்ல” என்றார் இருளாண்டி.

புதரை விலக்கினார்கள். தராசு! ஐம்பொழில்புரம் முழுசாகக் கிடைத்துவிட்டது! மூன்று பேரும் கல்லைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை மாசிலாமணி படத்தில் முழு உருவமாக விழுந்தார், கிழிசல் உட்பட.

அடுத்த மாதம் வரைபடம் அச்சாகி வந்தது. வடக்குக் கல்லைக் கண்டவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. மாசிலாமணி சிக்கிக்கொண்ட திட்டுக்கும் எஸ்தர் ஒரு பெயர் சூட்டியிருந்தார்: ‘மாசிலாமணி பாறை.’

மாசிலாமணி நெகிழ்ந்துபோனார். சட்டைப்பையிலிருந்த பழைய படத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தார். பாறை எல்லைக்கு வெளியே இருந்தது.

“மேடம், எல்லைக் கோட்டைக் கொஞ்சம் மலைப் பக்கமாத் தள்ளி...”

“யானைகிட்டக் கேளுங்க சார்” என்றார் எஸ்தர்.