தாலாட்டை நிறுத்தாதே!

பெரிய டாக்டர் ஆராய்ச்சிக்கூட மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூச்சு மட்டும் இல்லை!

கூட்ட வந்த பெண் போட்ட அலறலில் கூண்டு எலிகள் கூட ஒரு கணம் அடங்கின...

மறுநாள். போலீஸ் ஸ்டேஷன்.

"காபியில 'தாலாட்டு' கலந்திருக்கு." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பத்து யானையைத் தூங்க வைக்கிற அளவு!"

எதிரே, நேற்றே அழைத்து வந்து உட்கார வைத்திருந்த சின்ன டாக்டர். செத்தவரின் தங்கை புருஷன்.

மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து உருவாக்கிய புது மருந்து அது. படபடப்பை அடக்கி, பயத்தைப் போக்கி, தூங்க வைக்கும். இன்னும் கடைக்கு வரவில்லை. 'தாலாட்டு' என்பது அவர்களே வைத்த செல்லப் பெயர்.

"அதே பிளாஸ்க்ல நானும்தான் ரெண்டு கப் குடிச்சேன் சார். கூட்டுற அம்மாவே பார்த்தாங்க. விஷம் கலந்தவன் அதை வாங்கிக் குடிப்பானா?"

நியாயமான கேள்வி!

"அப்புறம் ஏன் நீங்க சாகலை?"

"என் நல்ல நேரம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு கூண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளை எலி. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"லேபுக்கு சீல் வெச்சதிலேர்ந்து இதுங்களுக்கு மருந்து இல்லை. இது ஒண்ணுதான் பாக்கி. ஏன் டாக்டர்?"

"அது மூளைக்குப் போடுற பிரேக் சார். தினமும் வெளியிலேர்ந்து கிடைச்சா, மூளை தன்னோட சொந்த பிரேக்கைக் கழட்டி வெச்சுடும். டோஸை ஏத்திக்கிட்டே போகணும். புதுசாக் குடிக்கிறவனைக் கொல்ற அளவு, பழகின உடம்பை ஒண்ணும் பண்ணாது."

"திடீர்னு நிறுத்தினா?"

"பிரேக் இல்லாத லாரிதான்... வலிப்பு வரும். அப்புறம்..."

எலி ஒரு முறை துள்ளியது. பிறகு அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவில்லை. சின்ன டாக்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் தண்ணீர் பாதி சட்டையில் சிந்தியிருந்தது!

"பழகின உடம்பு... எவ்வளவு நாளாக் குடிக்கிறீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும். மெத்தப் படித்த நுணலும் அப்படித்தான்.

"சொல்லுங்க. சொன்னா ஜெயில்... ஆனா உயிர் இருக்கும். சொல்லலேன்னா இந்த எலிக்கு ஆனதுதான்!"

சின்ன டாக்டர் உடைந்தார்.

"ரெண்டு வருஷமா சார்... பரிசோதனைக்குன்னு என் மேலேயே போட்டுப் பார்த்தேன். விட முடியலை. நிறுத்தினா எலிங்க சாகுதுன்னு மச்சான் கண்டுபிடிச்சார். 'இது மருந்தில்லை மாப்ளே, எமன்! நாளைக்கு மொத்தத்தையும் கொளுத்திடறேன்'னார். அதைக் கொளுத்தினா என்னையும் சேர்த்துக் கொளுத்தின மாதிரிதானே!"

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா! தங்கச்சி புருஷனைச் சாக விட்டிருப்பாரா?"

பாவம், அது சின்ன டாக்டருக்குத் தோன்றவே இல்லை! இரண்டு வருஷம் பயம் என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்த மனிதர். பயம் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூளையில் கொலைதான் ஓடியது.

"மருந்து எங்கே?"

"வீட்டு ஃப்ரிட்ஜ்ல... காய்கறி தட்டுக்கு அடியில பச்சை பாட்டில். காபியில கலந்தது போக லேப்ல இருந்த மொத்தத்தையும் அதுல எடுத்துட்டுப் போயிட்டேன். உலகத்துலேயே மிச்சம் அவ்வளவுதான்! புதுசாச் செய்ய மாசக்கணக்காகும். வேற எந்த மருந்துக்கும் இந்த வலிப்பு அடங்காது. சீக்கிரம் சார்!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து கதவைத் திறந்தார்.

"ஜீப்பை எடுங்கய்யா!"

வெளியே பெஞ்சில், கணவனுக்கு மாற்றுத் துணிகளோடு சின்ன டாக்டரின் மனைவி. அழுது வீங்கிய முகம்.

"அம்மா, உங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு பச்சை பாட்டில்..."

"இல்லீங்க! அப்படி எதுவும் எங்க வீட்டுல இல்லவே இல்லை!"

"பொய் சொல்ல நேரமில்லைம்மா! உங்க வீட்டுக்காரர் உயிரே அதுலதான் இருக்கு!"

பை அவள் கையிலிருந்து நழுவியது.

"சோதனை போட வருவீங்கன்னு பயந்து... லேப் பாட்டிலைப் பார்த்தா இவர் மேல பழி விழுமேன்னு... காலையிலேயே சிங்க்ல ஊத்திட்டேங்க. அண்ணன்தான் போயிட்டார்... இவராவது எனக்கு மிஞ்சணும்னு..."

அவளுக்கு இன்னும் எதுவுமே தெரியாது.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

சின்ன டாக்டரின் தாடை இழுக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தார்!

"விடுங்க சார்... எங்க வீட்டு சாக்கடைக் கரப்பான் பூச்சிங்களாவது இன்னிக்கு நிம்மதியாத் தூங்கட்டும்!"