‘கட்’ சொன்ன பிறகு

சின்னவள் ‘கட்’ என்று கத்திய பிறகும் அந்த ஆள் செத்தவனாகவே நின்றுகொண்டிருந்தான்.

மற்றவர்கள் எல்லாம் சட்டென்று உயிர் பெற்றுவிட்டார்கள். சாம்பல் பூசிய முகத்தைத் துடைத்தார்கள், கோணலாக வைத்திருந்த கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். “ஜாம்பியா இருந்தாலும் வயிறுன்னு ஒண்ணு இருக்கும்மா, டீ எங்க?” என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. நீலச் சட்டைக்காரன் மட்டும் துணி துவைக்கும் பெரிய எந்திரத்தின் ஓரத்தில், தலை ஒரு பக்கம் சாய, கைகள் தொங்க, அப்படியே நின்றான்.

பெரியவள் கணினியில் படத்தை நிறுத்தினாள். ‘கட்’ சொன்னதற்கும் கேமராவை அணைப்பதற்கும் நடுவே பதிவாகும் வால் துண்டை யாரும் பார்ப்பதில்லை. அதை வெட்டி எறிகிறவள் மட்டும்தான் பார்ப்பாள். வெட்டி எறிகிறவள் அவள்தான்.

மாலை நேர சினிமா வகுப்பின் கடைசிப் படம் அது. ஊரே நடைப்பிணமாகிவிட்ட பிறகு எங்கோ கிடந்த ஒரு கேமராவில் அகப்பட்ட காட்சிகள் என்பதாகக் கதை. அந்த வகுப்பில் முதலில் சேர்ந்தவள் பெரியவள். துணைக்கு இருக்கட்டும் என்று தங்கையைக் கூட்டிப்போனதும் அவளேதான். ஆனால் வாத்தியார், “படத்தைச் சின்னவ எடுக்கட்டும். நீ எடிட் பண்ணும்மா, உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி” என்றார். பாராட்டு மாதிரிதான் சொன்னார். அன்றிலிருந்து பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

மூடிக்கிடந்த சலவைக்கூடத்தின் மாடியில் ஜன்னலில்லாத ஓர் அறையைத்தான் எடிட்டிங்குக்கு ஒதுக்கியிருந்தார்கள். வெளியே மத்தியானம், உள்ளே எப்போதும் ராத்திரி. சுவரில் ஊறிய பழைய சோப்பு வாடையும், ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டிவைத்தது போன்ற இன்னொரு வாடையும், மழை பெய்யப் பெய்ய தரைப்பலகையின் இடுக்கு வழியாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. கீழே படப்பிடிப்பு நடந்தது. தங்கையின் குரல் காலுக்கடியில் கேட்கும். “ஆக்ஷன்!” அந்த ஒரு சொல் ஒவ்வொரு முறையும் உள்ளங்காலில் முள்ளாய் ஏறும்.

அடுத்த துண்டின் வாலையும் பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் இருந்தான். இப்போது எந்திரத்தை விட்டு நகர்ந்து, தூணுக்கு அருகில். அதற்கடுத்ததில் தூணுக்கு இந்தப் பக்கம். அவன் நடந்து வருவது எந்தத் துண்டிலும் இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். இவ்வளவு நன்றாக நடிக்கும் ஒருவனைத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தங்கை ஒளித்து வைத்திருக்கிறாளே! போனை எடுத்தாள்.

“அந்த நீலச் சட்டை யாருடி?”

“எந்த நீலச் சட்டை?”

“ஓரமா நிக்கிறானே, முகம்கூட கழுவாம.”

“அக்கா, எல்லாருக்கும் சாம்பல் சட்டைதான் கொடுத்தேன். ராத்திரியெல்லாம் உக்காந்து சாயம் போட்டது நீதானே? தூங்கி வழியாத, கண்ணக் கழுவிட்டு வேலையப் பாரு.”

பொய் சொல்கிறாள். வாத்தியார் முன்னால் திடீரென்று காட்டி அசத்த அவனைப் பத்திரப்படுத்துகிறாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, காலையில் வந்த மெமரி கார்டைச் செருகினாள்.

தங்கை கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பேசும் காட்சி. அழுகை, மூச்சிரைப்பு, “யாராவது இதைப் பார்த்தா...” என்ற வசனம். பிறகு தங்கையே ‘கட்’ சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் நீலச் சட்டை. முதன்முறையாக முகம் அருகில் தெரிந்தது. சாம்பல் பூச்சு இல்லை. பூச்சே இல்லை. கன்னத்தில் சுருங்கிய தோல் ஒட்டியிருந்த விதம், எந்த மேக்கப்காரராலும் செய்ய முடியாதது. மழைக் குளிரில் தங்கை மூச்சு விட்டால் திரையில் ஆவி பறந்தது. அவன் வாய் திறந்திருந்தது. ஆவி இல்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். போனை எடுத்தாள். அழைக்கும் முன்பே அது அடித்தது.

“அக்கா, எல்லாரையும் அனுப்பிட்டேன். கேமரா கீழ விழுந்து கிடக்குமே, அந்தக் கடைசி ஷாட் மட்டும்தான். நான் ஒருத்தியே எடுத்துடுவேன்.”

“இங்க பாரு, நீ...”

“இரு அக்கா, முதல்ல இதக் கேளு! வாத்தியார் இப்பதான் பேசினாரு. அவரோட அடுத்த படத்துக்கு என்னைக் கூட வரச் சொல்லிட்டாரு. உன்னப் பத்தியும் கேட்டாரு. உனக்கு ரொம்பப் பொறுமைன்னாரு.”

நாக்கு நுனியில் நின்றது சொல். ‘வெளிய ஓடு.’ இரண்டே சொல். திரையில் அந்த முகம் தங்கையின் தோளுக்கு மேலே காத்திருந்தது.

“என்னக்கா, ஏதோ சொல்ல வந்தே?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் பெரியவள். “நல்லா எடு.”

கீழே “ஆக்ஷன்!” கேட்டது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. மழை. ஏதோ கனமான ஈரத்துணியை இழுத்துப்போவது போன்ற ஓசை. நின்றது. மறுபடி இழுத்தது. நின்றது.

“ஏய்,” என்றாள் தரையைப் பார்த்து. “ஏய், சின்னவளே.”

படிகளில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அந்த வாடை கெட்டியானது. கூடம் இருட்டாக இருந்தது. கேமரா தரையில் கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்தாள். கனமாக இருந்தது. கைக்குப் பொருத்தமாக இருந்தது.

கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாள்.

இருவர். எந்திரங்களுக்கு நடுவே. தங்கையின் தோளில் நீலச் சட்டைக்காரனின் கை. நடிகையை இடம் பார்த்து நிறுத்திவைப்பது மாதிரி. தங்கையின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஆவி இல்லை.

இருவரும் இவளையே பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

ஓட வேண்டும். தெரிந்தது. ஆனால் பிரேம் நன்றாக இருந்தது. தங்கை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தாள். பெரியவள் அரை அடி நகர்ந்து அவளை நடுவில் கொண்டுவந்தாள்.

இத்தனை நாளும் சொல்லிப் பார்க்காத சொல் தொண்டையில் புரண்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“ஆக்ஷன்.”

சின்னவள்தான் முதலில் காலை இழுத்து வைத்தாள். லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல். இன்னோர் அடி. இன்னும் ஓர் அடி. திரை முழுக்க அவள் முகம்.

பெரியவள் கேமராவை இறக்கவில்லை.